பனிக்கு அடியில் கதிர்க்கட்டு

டோரன், சஸ்காட்சுவான்
1998 அக்டோபர் 19

ஸ்டெஃபாவுக்கு,

உங்கள் பனி ஹாக்கி கிளப்பின் வழக்கறிஞர் அனுப்பிய தாள் சனிக்கிழமை வந்தது. தபால் நிலையத்தில் நெட்டி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தாள்.

"என்னண்ணே, பட்டணத்துல இருந்து காதல் கடுதாசியா? இவ்ளோ கனமா இருக்கு" என்றாள்.

"என் தங்கச்சி அனுப்பியிருக்கா" என்றேன்.

"அப்ப நிச்சயமா காதல் கடுதாசி இல்ல" என்றாள்.

தாளின் அடியில், பொன்விழாக் குழுத் தலைவர் என்று உன் கையெழுத்து இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை இப்படித்தான் பார்க்க வேண்டுமென்று இருந்திருக்கிறது.

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பனியரங்கத்தில் தொங்கும் 1962ஆம் வருஷத்து வெற்றிக்கொடியை இறக்கி உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். பனித்தளத்தின் நடுவில் நாங்கள் வருஷாவருஷம் வரையும் கதிர்க்கட்டை இனி வரையக்கூடாது. அந்தச் சின்னமும், த்ரெஷர்ஸ் என்ற பெயரும், ஆடிய ஆட்டங்களும் அணி இடம் மாறியபோதே வெஸ்ட்கேட் நகரத்துக்குச் சொந்தமாகிவிட்டனவாம்.

நான் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன். ஆனாலும் அந்தத் தாளை நான்கு முறை படித்தேன். அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஆடிய ஆட்டத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுபோக முடியும் என்று அதில் எங்கேயும் விளக்கவில்லை.

போர் முடிந்ததும் விமானப் படை கழித்துப்போட்ட கொட்டகையை நம் ஊர்க்காரர்கள் பிரித்து, கோதுமை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, அப்பா முதற்கொண்டு எல்லோருமாகச் சேர்ந்து நிறுத்தியதுதான் இந்த அரங்கம். 1949இல் அதற்குள் பையன்களின் அணி பிறந்தது. கதிரடித்துப் பிழைக்கிற ஊர் என்பதால் த்ரெஷர்ஸ், கதிரடிப்பவர்கள், என்று பெயர். 62இல் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தோம். தேவாலயத்துப் பெண்கள் கோதுமை மூடுகிற தார்ப்பாயில் அந்தக் கொடியைத் தைத்தார்கள். கிழிந்துபோன ஆட்டச் சட்டைகளை வெட்டித்தான் எழுத்துகள். அம்மா தைத்தது அந்த '2'. கொஞ்சம் சாய்ந்திருக்கும். உங்கள் வழக்கறிஞர் அதையும் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

1986இல் ஊர்க்கூட்டம் போட்டு அணியை விற்றீர்கள். நான் எதிர்த்தேன், நீ ஆதரித்தாய். சட்டைகளும் மட்டைகளும் உரிமமும் லாரியில் போயின. மற்றது போகவில்லை.

இன்னொன்று. தாள் வருவதற்குள் இந்த வருஷத்துக் கதிர்க்கட்டை வரைந்து, மேலே தண்ணீர் விட்டு உறைய வைத்தாகிவிட்டது. வண்ணம் இப்போது பனிக்கு அடியில் இருக்கிறது. வேண்டுமென்றால் வழக்கறிஞரைச் சுரண்டும் கருவியோடு அனுப்பு. ஏப்ரலில் அதுவாகவே கரையும்.

ஓரெஸ்ட்

வெஸ்ட்கேட்
1998 நவம்பர் 2

அண்ணாவுக்கு,

தொலைபேசியில் அழைத்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. நான் போடாவிட்டால் குழுவை விட்டு என்னை விலக்கிவிட்டு, உங்களைத் தெரியாத ஒருவர் போட்டிருப்பார். அடுத்ததாக நீதிமன்ற ஆள் வந்திருப்பார். என் பெயரைப் பார்த்தால் நீங்கள் திட்டியாவது பதில் எழுதுவீர்கள் என்று நினைத்தேன். நினைத்தது நடந்தது.

பன்னிரண்டு வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு சரியில்லை. கோர்டன் இறந்தபோது நீங்கள் வந்தீர்கள். தேவாலயத்தில் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அடக்கம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது உங்களைக் காணவில்லை. என் கணவருக்காக வந்தீர்களா, உங்கள் மனசாட்சிக்காக வந்தீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை.

விழாவைப் பற்றிச் சொல்கிறேன். 62இல் ஆடியவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ. கோல் காத்த லாரன்ஸ் டுபிக் இப்போது சக்கர நாற்காலியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் போய்ப் பார்க்கிறேன். போனவாரம் கூடக் கேட்டார், "ஸ்டெஃபா, அந்தத் தார்ப்பாய் இன்னும் தொங்குதா? எலி கடிச்சிருக்குமே" என்று. அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் கொடியைக் கேட்கிறோம். ஒரு மாலை நேரத்துக்குக் கொடுங்கள். நானே கொண்டுவந்து திருப்பி மாட்டிவிடுகிறேன்.

கிளப்பின் மேலாளர் ப்ரெண்ட் இளைஞர், கெட்டவர் இல்லை. "ஒரு பழைய துணிதானேம்மா, இதுக்குப் போய் உங்கண்ணன் ஏன் இப்படிக் குதிக்கிறார்?" என்கிறார். அவருக்கு விளக்க என்னால் முடியவில்லை. அவர்கள் அச்சடிக்கப் போகும் புத்தகத்தில் முதல் பாதி முழுக்க நம் ஊர்தான் வருகிறது. அது உங்களுக்குப் பெருமை இல்லையா?

ஸ்டெஃபா

டோரன்
1998 நவம்பர் 23

ஸ்டெஃபாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதே வேன் வந்துவிட்டது. "ஒரு மாலை நேரத்துக்கு" என்று நீ கெஞ்சி எழுதிய மை காய்வதற்குள் உங்கள் கிளப் ஆள் அனுப்பிவிட்டது. உனக்குத் தெரியாமல் அனுப்பினார்கள் என்று நீ சொல்வாய். நம்புகிறேன். தெரியாமல் அனுப்புகிறவர்களோடு நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

வந்தவர்கள் இரண்டு பையன்கள். ஏணியும் கயிறும் வைத்திருந்தார்கள். வரும் வழியில் நெடுஞ்சாலை உணவகத்தில் காப்பி குடித்துக்கொண்டே எதற்கு வருகிறோம் என்று சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குள் நுழைவதற்குள் நெட்டி தன் அறுவடை இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து அரங்கத்தின் கதவோடு ஒட்டி நிறுத்தி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

பெரிய பையன் என்னிடம் வந்தான். "ஐயா, இந்த வண்டிய யார் நகத்துவாங்க?"

"கோதுமை விளைஞ்சதும் நகரும்" என்றேன்.

"இப்ப நவம்பர் ஐயா."

"அப்ப கொஞ்சம் காத்திருக்கணும்."

சின்னவன் சிரித்துவிட்டான். பெரியவன் அவனை முறைத்தான். வெளியே நின்றால் மூக்கு உறைந்துபோகும் குளிர். அவர்களை ஏன் தண்டிக்க வேண்டும்? தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் பெண்கள் உருளைக்கிழங்கு வைத்த பெரோஹிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரவைத்து வெங்காயம் வதக்கிப் போட்டு, புளித்த பாலாடை ஊற்றிக் கொடுத்தோம். சின்னவன் மூன்று தட்டு சாப்பிட்டான். ஏணியோடும் கயிற்றோடும் திரும்பிப் போனார்கள். கதவை மறித்து நின்ற இயந்திரத்தை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள், மாகாணப் பத்திரிகையில் வந்திருக்கிறது. நீயும் பார்த்திருப்பாய்.

ஒரு மாலைக்குக் கூடத் தரமாட்டேன். அங்கே கொண்டுபோய் மாட்டி, அதன் கீழே உங்கள் ப்ரெண்ட் நின்று படம் எடுத்துக்கொண்டால், நாளைக்கு அதுவே சாட்சி ஆகும். லாரன்ஸுக்குக் கொடியைப் பார்க்க ஆசை என்றால் லாரன்ஸ் இங்கே வரட்டும். கோல்கம்பத்துக்கு நேர் மேலேதான் தொங்குகிறது. எலி கடிக்கவில்லை.

பெருமை இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அடுத்தவன் வீட்டு வரவேற்பறையில் நம் அப்பாவின் படத்தை மாட்டி, இவர் எங்கள் தாத்தா என்று சொன்னால் அதில் எனக்கு என்ன பெருமை?

நான் ஒன்று சொல்கிறேன், உங்கள் குழுவில் படித்துக் காட்டு. பொன்விழா ஆட்டத்தை இங்கே வந்து ஆடுங்கள், எங்கள் ஊர் ஆட்களோடு. ஆனால் உள்ளூர் அணி நாங்கள். நீங்கள் விருந்தாளி அணி. விருந்தாளிகளின் உடைமாற்றும் அறை உங்களுக்கு. அங்கே வெந்நீர் வராது, நாங்கள் நிறுத்தவில்லை, 1949இலிருந்தே வராது. விருந்தாளிகளின் பெஞ்சில் உட்காருங்கள். கதிர்க்கட்டு பனிக்கு நடுவில் இருக்கிற இடத்திலேயே இருக்கும். இதற்குச் சம்மதம் என்றால் எல்லோரும் வாருங்கள், கொடியைக் கண்ணாரப் பாருங்கள்.

ஓரெஸ்ட்

வெஸ்ட்கேட்
1998 டிசம்பர் 8

அண்ணாவுக்கு,

வேன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்ததும் ப்ரெண்டிடம் கத்தினேன். இந்த வயதில் நான் கத்தியதைக் குழு எதிர்பார்க்கவில்லை.

உங்கள் அறைகூவலைப் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். "சொந்த அணியோட பொறந்தநாளுக்கு நாமளே விருந்தாளியா போறதா?" என்றார் ஒருவர். ஆனால் 62ஆம் வருஷத்தவர்களிடம் விஷயம் எப்படியோ போய்விட்டது (நான்தான் சொன்னேன்). டோரனில் நடந்தால் வருவோம், இங்கே நடந்தால் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இல்லாத பொன்விழாவை எந்தப் பத்திரிகை எழுதும்? அறுவடை இயந்திரத்தின் படம் வேறு எல்லோர் வீட்டிலும் கிடக்கிறது. பிப்ரவரியில் வருகிறோம். உங்கள் நிபந்தனைகளோடு.

இது உங்கள் வெற்றி. இப்போது என்னுடையதைக் கேளுங்கள்.

நான் ஏன் அணியை விற்கக் கை தூக்கினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. வெஸ்ட்கேட்டில் கோர்டனுக்கு வேலை கிடைத்தது, அதனால் என்று ஊரில் சொன்னீர்கள். அந்த வேலை அடுத்த வருஷம்தான் கிடைத்தது.

அணியில் ஆட வரும் வெளியூர்ப் பையன்களை ஊர்க்குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். எங்கள் வீட்டில் கடைசியாக இருந்தவன் ரெமி. கியூபெக்கிலிருந்து வந்தவன், என் முட்டைக்கோஸ் சுருளைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வான், பிறகு இரண்டு கேட்பான். 86 ஜனவரியில், ஆட்டத்தின் நடுவில் எவனோ விழுந்து அவன் காலணியின் சறுக்குக் கத்தி ரெமியின் தொடையைக் கிழித்தது. நம் ஊரில் வைத்தியர் இல்லை. சாலை பனியில் மூடிக்கிடந்தது. கோர்டன் டிரக்கை ஓட்ட, பின் இருக்கையில் அவன் தொடையை என் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு பட்டணம் வரைக்கும் போனேன். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிழைத்தான். கால் பழையபடி ஆகவில்லை.

மறுநாள் திரும்பி வந்தபோது தெரிந்தது, நீங்கள் பனியிலிருந்து ரத்தத்தைச் சுரண்டிவிட்டு ஆட்டத்தின் கடைசிப் பகுதியையும் ஆடி முடித்திருக்கிறீர்கள். ஜெயித்தும் இருக்கிறீர்கள். கடையில் என்னைப் பார்த்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அஞ்சுக்கு நாலு." அதற்குப் பிறகுதான், "பையன் எப்படி இருக்கான்?"

வைத்தியர் இல்லாத ஊரில் அடுத்தவர் பெற்ற பிள்ளைகளை வைத்து ஆட வேண்டாம் என்றுதான் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன்.

ஸ்டெஃபா

டோரன்
1998 டிசம்பர் 20

ஸ்டெஃபாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தேன்.

ரத்தத்தைச் சுரண்டினேன். ஆமாம். சுரண்டாமல் விட்டால் அடுத்த தண்ணீரில் அதுவும் சேர்ந்து உறைந்து, பனி கரைகிற வரைக்கும் சிவப்பாகவே அடியில் தெரியும். அந்தப் பையன்கள் தினமும் அதன்மேல் பயிற்சி செய்ய வேண்டும். அதனால் சுரண்டினேன். நான் மட்டும்தான் சுரண்டினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை.

ஆடி முடித்தோம். ஆமாம். சாலை மூடியிருந்தது. உங்கள் டிரக் போன தடத்தைப் பத்து நிமிஷத்தில் பனி தின்றுவிட்டது. ஊரே அரங்கத்துக்குள் இருந்தது. வீட்டுக்குப் போக முடியாது, உன்னைத் தொடர்ந்து வர முடியாது, தொலைபேசிக் கம்பி அறுந்துகிடந்தது. அரங்கப் பொறுப்பு என்னுடையது, எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் அழுதார்கள். என்ன செய்யச் சொல்கிறாய்? சும்மா உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாயா? ஆடச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் ஆடத்தான் சொல்வேன்.

வைத்தியர் இல்லை என்பது உண்மை. வைத்தியரைக் கேட்டு ஊரே மாகாணத் தலைநகருக்குப் போயிருக்க வேண்டும். நீ அதற்குக் கூட்டம் கூட்டியிருந்தால் உன் பக்கத்தில் நான் நின்றிருப்பேன். அணி போன பிறகு வைத்தியர் வந்தாரா? பள்ளிக்கூடம்தான் போனது. பிறகு வங்கி போனது.

கோர்டனைப் பற்றி நான் ஊரில் சொன்னதைத் திருத்திச் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக இல்லை, ரெமிக்காக என்று. நெட்டியிடம் சொல்லியாகிவிட்டது. அவளிடம் சொன்னால் போதும்.

ஆனால் ரெமியின் கதை வெஸ்ட்கேட் அச்சடிக்கும் புத்தகத்தில் இருக்கிறதா என்று பார். இருக்காது. நாங்கள் எழுதினால் இருக்கும், ஐந்துக்கு நாலும் இருக்கும், உன் கையும் இருக்கும். ஊரின் சரித்திரத்தை ஊர் எழுதவேண்டும் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

பிப்ரவரியில் கம்பளி கொண்டு வா. விருந்தாளிகள் பக்கம் கணப்பும் வேலை செய்யாது.

ஓரெஸ்ட்

வெஸ்ட்கேட்
1999 மார்ச் 9

அண்ணாவுக்கு,

ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பதிமூன்றுக்கு இரண்டு. உங்கள் கோல்காரர் மளிகைக்கடைக்காரர், பாவம். நெட்டியின் மகள் இரண்டாவது கோலைப் போட்டபோது கூரை பெயர்ந்து விழும் என்று நினைத்தேன். எங்கள் பையன்களில் சிலரும் மட்டையால் பலகையைத் தட்டினார்கள்.

ஆனால் தொடக்கத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கேட்டிருக்க மாட்டீர்கள். அதை எழுதுகிறேன்.

62ஆம் வருஷத்தவர்களுக்கு வெஸ்ட்கேட் என்று எழுதிய புதுச் சட்டைகளை ப்ரெண்ட் பேருந்திலேயே கொடுத்துவிட்டார். பெயரைக் கூப்பிட்டதும் பனிமேல் விரித்த கம்பளத்தில் நடந்துவந்து, விருந்தாளிகளின் பெஞ்சுக்கு முன்னால் வரிசையாக நிற்பதாக ஏற்பாடு. லாரன்ஸ் தன் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. மடித்து முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். "குளிருக்கு நல்லா இதமா இருக்கு, நன்றி சொல்லிடு" என்றார் என்னிடம்.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கம்பளம் கதிர்க்கட்டுக்குப் பக்கத்தில் முடிந்தது. அங்கே நின்று மேலே கொடியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நம்ம பெஞ்ச் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம்தான் போகச் சொல்லியிருக்காங்க லாரன்ஸ்" என்றேன்.

"அவங்க சொன்னதைக் கேக்கல. நம்ம பெஞ்ச் எங்கனு கேட்டேன். உனக்கு மறந்துபோச்சா?"

ப்ரெண்ட் கையை அசைத்துக்கொண்டிருந்தார். எதிரே நீங்கள் உள்ளூர் பெஞ்சின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைக் கூப்பிடவில்லை. சும்மா திறந்து பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு மறக்கவில்லை அண்ணா. தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். கோசார் மட்டும் அந்தப் பக்கம் போனார், "என் பேரன் அங்க ஆடறான், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு. யாரும் தப்பாக நினைக்கவில்லை.

மறுநாளே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இயக்குநர்கள் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்கள் புத்தகம் இனி 1986இல்தான் தொடங்கும். சின்னத்தையும் மாற்றப் போகிறார்கள். 49இலிருந்து 86 வரைக்குமான வருஷங்களையும், கொடியையும், கதிர்க்கட்டையும் டோரனுக்கு நன்கொடையாக விட்டுக்கொடுக்கிறார்கள். நீங்கள் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சாட்சி. போட்டுவிட்டால் இனி யாரும் எந்தக் காலத்திலும் உங்களைக் கேட்க முடியாது.

நீங்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. தயவுசெய்து போட்டு அனுப்புங்கள்.

ஸ்டெஃபா

டோரன்
1999 மார்ச் 17

ஸ்டெஃபாவுக்கு,

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நன்கொடை என்று எழுதியிருக்கிறார்கள். விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். தன்னிடம் இருப்பதைத்தான் ஒருவன் விட்டுக்கொடுக்க முடியும். நான் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டால், நேற்றுவரை அது அவர்களிடம் இருந்தது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்பா தூக்கி நிறுத்திய கூரையையும் அம்மா தைத்த எழுத்தையும் வெஸ்ட்கேட்காரன் தந்தான் என்று என் கையாலேயே எழுத வேண்டுமா?

இங்கேயும் திட்டுகிறார்கள். "ஜெயிச்சாச்சுண்ணே, போட்டுத் தொலையேன்" என்று நெட்டி தபால் சன்னலுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். நீ போடுவியா என்று கேட்டேன். யோசித்தாள். தபால்தலையை நன்றாக அழுத்தி ஒட்டிக் கொடுத்தாள்.

வழக்குப் போடுவதென்றால் போடட்டும். எனக்கு எழுபத்திரண்டு வயது, நேரம் நிறைய இருக்கிறது.

குழுவிலிருந்து உன்னை நீக்கியது தெரிந்தது. ஊர்ப் புத்தகத்தை எழுத இங்கே யாருக்கும் கை வரவில்லை. நான் எழுதினால் எல்லோரையும் திட்டித்தான் வருகிறது. நாற்பது பையன்களுக்காவது நீ சாப்பாடு போட்டிருக்கிறாய், அவர்களை உனக்குத் தெரியும். கோர்டனின் அடக்கத்தன்று நான் சாப்பிடாமல் போனதைக் கேட்டிருந்தாய். உன் எதிரில் உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் உடைந்துவிடுவேன் என்று போனேன். அதையும் இப்போது சொல்லிவிட்டேன்.

ஓரெஸ்ட்

வெஸ்ட்கேட்
1999 மார்ச் 26

அண்ணாவுக்கு,

நீங்கள் போடமாட்டீர்கள் என்று உறையைப் பிரிக்கும்போதே தெரிந்தது. சாட்சி இடத்தில் நானும் போடாமல் விட்டு, தாளைக் கொண்டுபோய் ப்ரெண்டின் மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் குடுத்தாச்சேம்மா. இன்னும் என்னதான் வேணுமாம் உங்கண்ணனுக்கு?" என்றார்.

"ஒண்ணும் வேணாமாம்" என்றேன்.

ஊர்ப் புத்தகத்தை எழுத அடுத்த வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறேன். இரண்டு பெட்டி இருக்கும்.

ஸ்டெஃபா